பரங்கிமலைச் சங்கிலியும் ஐந்து ஸ்க்ரூவும்

இடது கோடியில் ஒரே ஒரு ஸ்க்ரூவைப் போட்டு பல் டாக்டர் மேடம் மெதுவாக முறுக்கினார். வலது கோடியில், பற்களைத் தாங்கும் உலோக ஃபிரேம் தூக்கியது. லைட்டைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தால்தான் தெரியும், ஈறுக்கு மேலே கருப்பாக ஒரு கோடு மாதிரி இடைவெளி, அவ்வளவுதான். ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பல் லேபில் இருபத்தாறு வருடம் தள்ளியவனுக்கு அந்தக் கோடு என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

ஆதம்பாக்கத்தில் எனக்குச் சின்னதாக ஒரு லேப் இருக்கிறது. நாலு பேர். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள், நாங்கள் பல்லைச் செய்து அனுப்புவோம். நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்கு அவர் ஒரு கேஸ். டப்பா மேல் ஒட்டிய சீட்டில் வயது, நிறம், தேதி. பெரிய கேஸாக இருந்தால் மட்டும் ட்ரை-இன், அதாவது வாயில் வைத்துப் பொருத்திப் பார்க்கிற நாள் அன்று நானும் கிளினிக்குக்குப் போய் ஓரமாக நிற்பேன். அன்று நின்றதும் அப்படித்தான்.

நாற்காலியில் இருந்தவருக்கு 71 வயது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மேலும் கீழும் ஒரு பல் கிடையாது. மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றுவிடும், அதனால் அதைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. கீழ் செட்தான் தகராறு. கீழே ஒட்டிக்கொள்ள அண்ணம் கிடையாது, நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். பேசும்போது மிதக்கும், சாப்பிடும்போது நகரும். அதனால் கீழ்த்தாடை எலும்பில் பதிக்கிற டைட்டானியம் வேர்கள், அதாவது இம்ப்ளான்ட், ஐந்து வைத்து, அவற்றின் மேல் ஒரே துண்டாக டைட்டானியம் ஃபிரேம், அதன் மேல் பற்கள், எல்லாம் ஸ்க்ரூ போட்டு முறுக்குவது என்று திட்டம்.

இறுகுகிற மெட்டீரியலை நிரப்பிய டிரேயை வாயில் வைத்து அளவெடுப்பது அவருக்கு ஆகவே ஆகாது. குமட்டல். முதல் தடவை மெட்டீரியல் இறுகுவதற்குள் இரண்டு முறை பிடுங்கிவிட்டார். "வாய்க்குள்ள கான்கிரீட் போட்ட மாதிரி இருக்கும்மா" என்றாராம். அந்தச் சமயம் பார்த்து கிளினிக்கில் புது இன்ட்ரா ஓரல் ஸ்கேனர் வந்திருந்தது. கையில் பிடிக்கிற சின்னக் கேமரா மாதிரி, வாய்க்குள் விட்டு மெல்ல நகர்த்தினால் திரையில் ஈறு கலரோடு வளர்ந்து வரும். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. ஃபைல் ராத்திரியே எனக்கு வந்துவிட்டது. அழகான ஃபைல் என்றுதான் நானும் நினைத்தேன். ஈறின் சுருக்கம் வரை தெரிந்தது.

அந்த அழகான ஃபைலில் செய்த ஃபிரேம்தான் தூக்கியது.

மேடம் வயதில் சின்னவர், கெட்டிக்காரர். என்னைப் பார்த்து, "அண்ணா, அஞ்சும் போட்டா உட்காந்துடும்னு நினைக்கிறேன்" என்றார். ஐந்தையும் போட்டார். உட்கார்ந்துவிட்டது! கருப்புக் கோடு காணோம். எனக்கே ஒரு நொடி ஆசை வந்தது, இப்படியே போகட்டும் என்று. மேடம் அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இழுக்குதும்மா" என்றார். வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, போல்ட்டை முறுக்கிச் சேத்தா எதுவும் சேந்த மாதிரிதான் தெரியும். லூஸ் பண்ணினாத்தான் வண்டவாளம் தெரியும். என்ன டாலரன்ஸ் இதுக்கு?"

எவ்வளவு பிசகினால் பரவாயில்லை என்று இருபத்தாறு வருடத்தில் எந்த நோயாளியும் என்னிடம் கேட்டதில்லை.

அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். நம்முடைய சொந்தப் பல் எலும்பில் நேராக முளைத்து நிற்பதில்லை. வேருக்கும் எலும்பிற்கும் நடுவே ஒரு மெல்லிய நார்ச்சவ்வு இருக்கிறது. லாரிக்கு பட்டை ஸ்பிரிங் எப்படியோ அப்படி. மேலே போட்ட பிரிட்ஜ், அதாவது செயற்கைப் பல் வரிசை, கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பல் அசைந்து கொடுத்துச் சமாளித்துக்கொள்ளும். 100 மைக்ரான் வரைகூடப் பல் நகரும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மயிரிழையில் தப்பினான் என்கிறோமே, அந்த மயிரிழை ஏறக்குறைய 70, 80 மைக்ரான். இம்ப்ளான்டுக்கு இந்தச் சவ்வு கிடையாது. எலும்பு நேராக டைட்டானியத்தோடு ஒட்டி வளர்ந்திருக்கும். ஸ்வீடன்காரர் பிரானெமார்க் இதைக் கண்டறிந்து 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தபோது, அந்த ஒட்டுதல்தான் அதிசயமாகப் பேசப்பட்டது. என் தொழிலுக்கு அந்த அதிசயமே தலைவலி. இம்ப்ளான்ட் சில மைக்ரானுக்கு மேல் அசைந்து கொடுக்காது. ஃபிரேம் பொருந்தவில்லை என்றால் யாரும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். ஃபிரேம் வளையும், ஸ்க்ரூ இழுபடும், எலும்பு அழுத்தம் வாங்கும். இதில் எலும்பு எவ்வளவு தாங்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் சண்டை உண்டு. ஸ்க்ரூ தாங்காது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. லூஸ் ஆகி, உடைந்து, மேலே போட்ட பல் பிளந்து என்னிடம் திரும்பி வந்த கேஸ்களை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

சரி, டாலரன்ஸ் எவ்வளவு? பிரானெமார்க் 1983-ல் 10 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும் என்றார். 1991-ல் அதே ஸ்வீடனின் டோர்ஸ்டென் யெம்ட், 150 மைக்ரான் வரை பரவாயில்லை, பெரிய சிக்கல் வராது என்றார். ஒன்றுக்கும் மற்றதற்கும் பதினைந்து மடங்கு. இதைக் கேட்டதும் பெரியவர் சிரித்துவிட்டார். "அப்ப யாருக்கும் தெரியாதுன்னு சொல்லு."

ஏறக்குறைய அப்படித்தான். நடுவில் எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டுக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் வேலை செய்கிறோம்.

இனி ஸ்கேனர் கதைக்கு வருவோம். 1973-ல் பிரான்சில் துரே என்ற பல் மருத்துவர் இந்த யோசனையை ஆய்வேடாக எழுதினார்; 1985-ல் சூரிச்சில் ஒருவர் வாயில் அது நடைமுறைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை அடிப்படைச் சிக்கல் ஒன்றேதான். ஸ்கேனரின் கண் சின்னது. ஒரு சமயத்தில் ஒன்று, ஒன்றரைப் பல் அகலத்துக்கு மேல் பார்க்காது. பார்த்ததை அடுத்த படத்தோடு ஒட்டும், அதை அடுத்ததோடு ஒட்டும், இப்படி நூற்றுக்கணக்கான படங்கள். ஒட்டும்போது இரண்டு படத்திலும் பொதுவாக உள்ள மேடு பள்ளத்தை அடையாளமாக வைத்துக்கொள்ளும்.

ரங்கநாதன் தெருவை முனையிலிருந்து முனை வரை துண்டு துண்டாகப் படம் எடுத்து ஒட்டுங்கள். தப்பவே மாட்டீர்கள், கடைக்குக் கடை போர்டு இருக்கிறது. அதே மாதிரி கலங்கரை விளக்கத்திலிருந்து மெரினா மணலை மட்டும் படம் எடுத்து ஒட்டிக்கொண்டே போங்கள். மணல், மணல், மணல். எங்கே எது சேர்கிறது? பல் இருக்கிற வாய் ரங்கநாதன் தெரு. பல்லே இல்லாத வாய் மெரினா. அதுவும் ஈரமான, பளபளக்கிற, உதடு இழுத்தால் நகர்கிற மணல். கீழ்த்தாடை என்றால் நாக்கு வேறு நடுவில் வந்து எட்டிப்பார்க்கும்.

இம்ப்ளான்ட் மேல் ஸ்கேன் பாடி என்று ஒரு சின்னத் தூண் மாட்டுவோம். கம்ப்யூட்டர் அந்தத் தூணைப் பார்த்து உள்ளே இருக்கும் இம்ப்ளான்டின் இடத்தையும் சாய்வையும் கணக்குப் போடும். தூணுக்குப் பக்கத்தில் வரும்போது ஒட்டுதல் நன்றாகத்தான் இருக்கும். ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்குப் போகிற வெறும் ஈறில்தான் கை நழுவும். ஒரு இடத்தில் 20 மைக்ரான், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். தொடங்கிய கோடியில் எல்லாம் சரியாக இருக்கும், முடிந்த கோடியில் சேர்ந்த பிசகெல்லாம் வட்டி மாதிரி வந்து நிற்கும். ஒன்று இரண்டு இம்ப்ளான்ட், பக்கத்துப் பல்லும் இருக்கிறது என்றால் ஸ்கேன் அருமையான வேலை. நானே டிரே வேண்டாம் என்று டாக்டர்களிடம் சொல்லுவேன். வாய் முழுக்க வெறுமையாக இருக்கும்போதுதான் இந்த வட்டிக் கணக்கு.

மேடத்துக்கு இதில் ஒரு கேள்வி. "அண்ணா, நான் ரெண்டு தடவை எடுத்தேன். ரெண்டு ஃபைலும் ஒண்ணு மேல ஒண்ணு கச்சிதமா உட்காருது. அப்புறம் எப்படித் தப்பு?"

நான் புளியந்தோப்பில் கேரம் ஆடி வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒருவன் இருந்தான். வெட்டினால் காய் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குப் போகும், பாக்கெட்டுக்கு ஒரு விரல் இடது பக்கம். பத்து முறை அடித்தாலும் அதே ஒரு விரல். அவனுடைய கை நடுங்குகிறது என்று யாரும் சொல்ல முடியாது, காய் விழுகிறது என்றும் சொல்ல முடியாது. ஸ்கேனரும் அப்படி இருக்கலாம். திரும்பத் திரும்ப ஒரே விடை வருவது ஒரு குணம், அந்த விடை நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது வேறு குணம். இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 5725 தரவிதியே சொல்கிறது. விளம்பரத் தாளில் எண் போடும்போது அது எந்தக் குணத்தின் எண் என்று பார்த்துக்கொள்ளுங்கள், இது டாக்டர்களுக்குச் சொல்வது. அந்த எண் மேசையில் வைத்த மாடலில் எடுத்ததா, எச்சிலும் நாக்கும் உள்ள வாயில் எடுத்ததா என்றும்.

இன்னொன்றும் இருக்கிறது, நான் வெகுநாள் நம்பாதது. கீழ்த்தாடை எலும்பு வளையும். வாயை ஆவென்று முழுக்கத் திறந்தால் தசைகள் இரண்டு பக்கத்தையும் உள்ளுக்கு இழுக்க, லாட வடிவத் தாடை கொஞ்சம் ஒடுங்கும். ஆளுக்கு ஆள் அளவு மாறும், ஆனால் நாம் சண்டை போடுகிற மைக்ரான் கணக்கில் அது சின்ன விஷயமே அல்ல. ஆக, டாக்டர் "நல்லா திறங்க, இன்னும் திறங்க" என்று சொல்லிக்கொண்டே ஸ்கேன் செய்தால், சாப்பிடும்போது இல்லாத ஒரு தாடையை ஸ்கேன் செய்கிறார். இதைக் கேட்ட பெரியவருக்குக் கொள்ளை சந்தோஷம். "தண்டவாளம் வெயில்ல நீளும்னு சொன்னா ஜனங்க நம்பமாட்டாங்க. என் தாடையும் அப்படியா?"

லேபிலிருந்து பார்த்தால் பரங்கிமலை தெரியும். அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் லாம்டன் ஞாபகம் வந்தார். மலை மேல் அவருக்கு மார்பளவுச் சிலை ஒன்று இருக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கியது இந்த மலையடியிலிருந்துதான். இங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏழரை மைல். அவர் கையில் இருந்தது 100 அடி நீள எஃகுச் சங்கிலி. அதை ஏறக்குறைய நானூறு தடவை போட்டுப் போட்டு அளந்திருக்கிறார். வெயிலில் சங்கிலி நீண்டுவிடும் என்று மரத்தொட்டியில் கிடத்தி, நிழல் கட்டி, பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்து, சூட்டுக்குத் தகுந்தபடி கணக்கைத் திருத்தி. நானூறு துண்டை ஒட்டும்போது துண்டுக்கு ஒரு மயிரிழை தப்பினாலும் கடைசியில் என்ன ஆகும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது அவர் அப்புறம் செய்தது. பரங்கிமலையில் அளந்த அந்த ஒரு கோடு நீளத்தை வைத்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்குப் போட்டுக்கொண்டே பெங்களூரு வரை போனார். அங்கே 1804-ல் தரையில் இன்னொரு நேர்கோடு நீளத்தைச் சங்கிலி போட்டு நேராக அளந்தார். கணக்கில் வந்த நீளமும் சங்கிலியில் வந்த நீளமும் சில அங்குலம்தான் வித்தியாசம். கணக்கு சரியென்று அவருக்குத் தோன்றியிருக்கும், இருந்தாலும் இறங்கி அளந்தார்.

எங்கள் தொழிலில் அந்த பெங்களூருக் கோட்டுக்குப் பெயர் ஜிக்.

அடுத்த வாரம் அதைத்தான் செய்தோம். ஐந்து இம்ப்ளான்ட் மேலும் சின்ன உலோகக் குழாய்களை மாட்டி, அவற்றைச் தானாக இறுகுகிற சிவப்பு பிளாஸ்டிக்கான பேட்டர்ன் ரெசினால் ஒன்றோடு ஒன்று கட்ட வேண்டும். ரெசின் இறுகும்போது சுருங்கும், சுருங்கினால் குழாயையும் சேர்த்து இழுக்கும். அதனால் முந்தின நாளே லேபில் மாடல் மேல் பாலம் கட்டி, நடுநடுவே மெல்லிய டிஸ்க்கால் அறுத்து, ஐந்து துண்டாக அனுப்பினேன். முக்கால்வாசிச் சுருக்கமும் ராத்திரியே முடிந்துவிடும். மறுநாள் மேடம் துண்டுகளை வாயில் மாட்டி, அந்த அறுத்த இடுக்கில் மட்டும் பிரஷ் நுனியால் துளித்துளியாக ரெசின் வைத்து இணைத்தார். வாயைப் பாதிதான் திறக்கச் சொன்னார். டிரே இல்லை, மெட்டீரியல் இல்லை, குமட்டல் இல்லை. பதினைந்து நிமிடம் பெரியவர் அசையாமல் இருந்தார்.

கழற்றிய ஜிக்கில் இம்ப்ளான்டின் நகலான அனலாக்குகளை மாட்டி, கல் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் பழைய ஃபிரேமை அதன் மேல் வைத்தேன். அப்போது லேப் வாசலில் செருப்புச் சத்தம். பெரியவர்! பெரம்பூரிலிருந்து சென்ட்ரல், சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன், அங்கிருந்து பரங்கிமலை என்று மின்சார ரயில் மாறி வந்திருந்தார். என் பில்லில் இருந்த முகவரியை மேடத்திடம் வாங்கியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தார். ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் தடிமன் பொறித்திருக்கும்.

"ஸ்க்ரூவை இடது கோடியில மட்டும் போடு தம்பி."

போட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வலது கோடியில் 0.05 மில்லிமீட்டர் தகட்டை விட்டார். வெண்ணெயில் கத்தி. 0.10. போனது. 0.15 கொஞ்சம் உரசிக்கொண்டு போனது. 0.20 போகவில்லை. இடது பக்கத்து மூன்று அனலாக்கிலும் எந்தத் தகடும் நுழையவில்லை, நாலாவதில் 0.05 மட்டும் முனகியது. மேடம் ஸ்கேனை இடது பக்கமிருந்துதான் தொடங்கியிருந்தார். வட்டி ஏறிய வழி அப்படியே தெரிந்தது. ஒரு பக்கம் லேப் ஸ்கேனரும் கம்ப்யூட்டரும் சும்மா இருக்க, அறுபது வருடப் பழைய தொழில்முறையில் ஒரு ஃபிட்டர் எனக்கு ரிப்போர்ட் கொடுத்தார். அவருக்கு டீ சொன்னேன்.

இதற்கெல்லாம் தீர்வே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, விலைதான் இடிக்கிறது. போட்டோகிராமெட்ரி என்று ஒன்று. நில அளவைக்காரர்கள் வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் போடுகிற அதே வித்தை. புள்ளி போட்ட சின்னக் கொடிகளை இம்ப்ளான்ட் மேல் மாட்டி, வாய்க்கு வெளியே இருந்து ஒரு கேமரா எல்லாக் கொடிகளையும் ஒருசேரப் படம் எடுக்கும். ஒட்டுவதே கிடையாது, அதனால் வட்டியும் ஏறாது. 1990-களிலேயே யெம்ட் கூட்டத்தார் இதை இம்ப்ளான்டுக்கு முயன்று பார்த்திருக்கிறார்கள். நான் பார்த்த இரண்டு மூன்று கேஸ்களில் ஃபிரேம் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. ஆனால் அது கொடிகளை மட்டும்தான் பார்க்கும், ஈறைப் பார்க்காது; ஈறுக்கு மறுபடி வாய் ஸ்கேனர் வேண்டும், இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்க்க வேண்டும். நம்மூர் கிளினிக்குகளில் எத்தனை பேர் இதற்குத் தனியாக ஒரு கேமரா வாங்குவார்கள்? சிலர் தூண்களுக்கு இடையே நூல் கட்டி ரெசின் தடவுகிறார்கள், சிலர் ஈறில் பிசின் பொட்டு வைத்து மணலில் போர்டு நடுகிறார்கள், பக்கவாட்டில் இறக்கை நீட்டிய ஸ்கேன் பாடியும் வந்திருக்கிறது. எல்லாமே உதவும். எதைச் செய்தாலும் ஜிக் வைத்துப் பார்க்காமல் மில்லிங்குக்கு, அதாவது உலோகத்தைக் கடைந்தெடுக்க, அனுப்பாதே என்பது என் கட்சி. டிஜிட்டல் என்று சொல்லிக்கொண்டு பிரஷும் ரெசினுமா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

இரண்டாவது ஃபிரேமை அந்தக் கல் மாடலை ஸ்கேன் செய்து அதிலிருந்து செய்தோம். ஈறின் வடிவத்துக்குப் பழைய வாய் ஸ்கேனையே வைத்துக்கொண்டேன், அதில் குறை ஒன்றும் இல்லை. ட்ரை-இன் அன்று மேடம் இடது கோடியில் ஸ்க்ரூவைப் போட்டார். கோடு இல்லை. எக்ஸ்ரேயிலும் இல்லை. எழுந்திருப்பார் என்று நினைத்தால் பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கழட்டி, வலது பக்கம் போட்டு இன்னொரு தடவை பாத்துடும்மா."

பார்த்தார். இல்லை. ஐந்தையும் போட்டு 15 நியூட்டன் சென்டிமீட்டருக்கு முறுக்கினார். "இழுக்குதா சார்?" "ஒண்ணும் தெரியல. வாயில இருக்குதான்னே தெரியல."

பழைய ஃபிரேமைத் தனக்கே தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அது பெரம்பூரில் அவர் வீட்டு ஷோகேஸில், ஐசிஎஃப்பில் கொடுத்த ஷீல்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. டைட்டானியம் கிலோ என்ன விலை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அந்த ஃபிரேமின் கூலியையும் மெட்டீரியலையும் யார் தலையில் கட்டுவது என்று மேடமும் நானும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.